பொருத்தமாக எதுவும் இல்லை

எங்கள் படகு உரிமையாளர் சங்கத்தில் இப்போது எல்லாமே கைப்பேசிச் செயலி. வானிலை எச்சரிக்கை வந்தால் யாரும் ஒரு விரலை அசைக்க வேண்டாம், அதுவே எல்லோருக்கும் போய்விடுகிறது. தகவல் அறையில் இருந்த பழைய கணினியைச் சென்ற மாதம் கழற்றினார்கள். அப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு, "பாய், அந்தக் கறுப்புத் திரைய வச்சிக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுனீங்க? சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சிரிப்பாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சிரிப்பும் இருக்கிறது. ஆனால் அந்தத் திரையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வருத்தம். அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

நான் திருமலைராயன்பட்டினத்துக்காரன். எங்கள் தெருவில் மீசை முளைத்தால் பாஸ்போர்ட்டும் முளைக்க வேண்டும். தட்டச்சு படித்துவிட்டுத் துபாயில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் கட்டளை அடித்து வேலை வாங்கும் கணினி பழக்கமானது. அத்தாவுக்கு வாதம் வந்து படுத்ததும் திரும்பி வந்தேன். அப்போது சங்கத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதன அறையை விட்டுவிட்டு மீன் வாடையில் போய் உட்கார்ந்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது.

அறைக்குப் பொறுப்பாளர் தமிழரசி மேடம். விழிதியூரில் விவசாயக் குடும்பம். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கடலையே பார்த்து வளராத பெண்ணா படகுக்காரர்களுக்குச் செய்தி சொல்வது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் காதில் விழாமல் இருக்காது. விழுந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் 'பாய்' போய் 'ஐயா' வந்துவிடும், அவ்வளவுதான். "ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றால் நான் ஏதோ பெரிய பிசகு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்தக் கணினியில் தொட்டு அழுத்த எதுவும் கிடையாது. வேண்டியதைக் கட்டளையாக அடிக்க வேண்டும். கட்டளைகளோ எக்கச்சக்கம். பெயரெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. பெயரைப் பார்த்துக் குணத்தைச் சொல்ல முடியாது. அதற்காகவே 'வாட்டிஸ்' என்று ஒரு கட்டளை இருந்தது. 'இது என்ன' என்று ஆங்கிலத்தில் கேட்பதுதான், இரண்டு சொல்லையும் ஒட்டி அடிக்க வேண்டும். பக்கத்தில் எந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தாலும் அது என்ன செய்யும் என்று ஒரே ஒரு வரியில் சொல்லிவிடும். பெயரே தெரியாவிட்டால் இன்னொன்று இருந்தது, 'அப்ரொப்போ'. நகல், அச்சு என்று விஷயத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கொடுத்தால், தன் ஒருவரி விளக்கத்தில் அந்தச் சொல் வரும் கட்டளைகளையெல்லாம் தேடி வரிசையாகக் காட்டும். நாங்கள் அதை வாய்க்கு வந்தபடி உச்சரித்துக்கொண்டிருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் உறுப்பினர் ஒருவர்தான் அது எங்க பாஷைப்பா என்று உரிமை கொண்டாடித் திருத்தினார்.

எதுவும் கிடைக்காவிட்டால் 'பொருத்தமாக எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் பதில் வரும். கல்யாணத் தரகர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பது போல. எங்கள் அறையில் அதுவே பேச்சாகிவிட்டது. டீக்கடையில் வடை தீர்ந்துபோனால்கூட "பொருத்தம் இல்ல மேடம்" என்று வந்து சொல்வேன். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசையும். அவருக்கு அதுதான் சிரிப்பு.

நான் சேர்வதற்கு முன்பு அங்கே இருந்தவர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு கட்டளையை அடிக்கப் போய் உறுப்பினர் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாராம். மேடம் வீடு வீடாக விசாரித்து மறுபடி ஏற்றியிருக்கிறார். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் அறையின் சட்டம். புதிய கட்டளை எதுவானாலும் முதலில் வாட்டிஸ். வரும் வரியை நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு தமிழில் சொல்ல வேண்டும். மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டி நின்று கேட்பார். திருப்தியானால் முழு விளக்கப் புத்தகத்தைத் திரையில் திறக்கச் சொல்வார். அதையும் பார்த்த பிறகுதான் "சரி, அடிங்க". அந்த ஒரு வரி வராத கட்டளையைத் தொடவே கூடாது.

"பேரு தெரிஞ்சா போதுமா பாய்? அது என்ன செய்யும்னு தெரியணும். பதறாத காரியம் சிதறாது" என்பார்.

இந்தச் சட்டத்தை நான் முதலில் கேலி செய்தேன். துபாயில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடியவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் கோபம் வராதா? ஒருநாள் ஒரு படகுக்காரரின் மாப்பிள்ளை வந்தார். வெளியூரில் பெரிய கணினி வேலை என்று பேச்சு. உங்க மெஷின் மெதுவா ஓடுது, இந்தக் கட்டளையை ஓட்டினால் பறக்கும் என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். அடிக்க விரலைத் தூக்கிவிட்டேன். "வாசிங்க" என்றார் மேடம். வாசித்தேன். கோப்புகளை வைக்கும் அமைப்பைக் கட்டித் தரும் என்று வந்தது. நல்ல காரியம்தானே என்றேன்.

"கட்டித் தரும்னா எங்க பாய் கட்டும்? காலி மனையிலயா? நம்ம வூடு நிக்கிற எடத்துலதானே? அப்ப இருக்கறத இடிச்சிட்டுல்ல கட்டும்!"

முழு விளக்கத்தைத் திறந்தால் அவர் சொன்னதுதான். உள்ளே இருக்கும் எல்லாம் போய்விடும். மாப்பிள்ளை டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து நான் கேலியை விட்டேன். கேலியை விட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அந்த ஒரு வரியை வேதவாக்காகவும் நம்ப ஆரம்பித்தேன். மேடமும் அப்படித்தான். ஒரு வரி வந்தால் அந்தக் கட்டளை உண்டு, வராவிட்டால் இல்லை என்று இரண்டு பேருக்கும் மனதில் உறைந்துவிட்டது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாலையில் கணினியை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். முன்பிருந்த இயந்திரம் இடி மின்னலில் கருகிப்போனதால் மேடம் வைத்த வழக்கம். இரவில் வயர்லெஸ் பெட்டியோடு காவலர் இருப்பார், அது போதும் என்று இருந்தோம்.

அந்த வருஷம் ஐப்பசி மாதம். செய்தி அனுப்புவதற்கென்று கணினியில் ஒரு நிரல் இருந்தது. செய்தியை அடித்துவிட்டால் எல்லா வீட்டுக் கைப்பேசிக்கும் ஒரே சமயத்தில் போகும். அது முன்பு ஒருமுறை நின்றுபோய், சென்னையிலிருந்து பராமரிப்புக்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இது மறுபடி நின்னா கவலப்படாதீங்க மேடம். நேரா அனுப்பறதுக்குத் தனியா ஒரு கட்டளை போட்டு வச்சிருக்கேன். விளக்கமும் எழுதியிருக்கேன்" என்றார். பெயரைச் சொன்னாரா என்று மேடத்துக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அப்ரொப்போவில் தேடினால் வந்துவிடப் போகிறது.

ஒருநாள் முற்பகலில் எச்சரிக்கை வந்தது. கடலில் இருப்பவர்கள் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும், பிற்பகலில் பலத்த காற்று. வெளியே சுள்ளென்று வெயில். விசைப்படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. கவலையெல்லாம் சின்ன ஃபைபர் படகுகளைப் பற்றித்தான். அவற்றில் வயர்லெஸ் கிடையாது. வீட்டுக்குச் செய்தி போனால், வீட்டுப் பெண்கள் கடலில் இருக்கும் கைப்பேசிக்குப் பேசி வரச்சொல்வார்கள். செய்தியை அடித்தேன். நிரல் நின்றுவிட்டது. கணினியை அணைத்துப் போட்டும் அதே கதை. பராமரிப்புக்காரரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

"தேடுங்க பாய்" என்றார் மேடம்.

அப்ரொப்போவில் செய்தி, அனுப்பு, தொலைபேசி என்று பொருள் வரும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வேறு ஏதேதோ வந்தன, வேண்டியது வரவில்லை. எங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தைத் துழாவினேன். அங்கே 'கூப்பிடு' என்ற பெயரில், ஆங்கில எழுத்தில், எனக்குத் தெரியாத கட்டளை ஒன்று இருந்தது. வாட்டிஸ் கேட்டேன்.

பொருத்தமாக எதுவும் இல்லை.

"இதுதான் மேடம். பேரே சொல்லுதே. ஓட்டிப் பாத்துடுவோம்" என்றேன்.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். விளக்கம் எழுதியிருக்கேன்னுல்ல சொன்னாரு? இதுக்கு ஒரு வரிகூட இல்லியே. முன்ன மாதிரி எல்லா நம்பரும் அழிஞ்சிபோச்சின்னா, இன்னைக்கு ஒருத்தருக்கும் போன்கூடப் போட முடியாது பாய். நம்பர அச்சடிங்க. ஆளுக்குப் பாதியா கூப்புடுவோம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஆறவில்லை. எண்களை அச்சடித்த பிறகாவது ஓட்டியிருக்கலாம். முழு விளக்கத்தை நேராகத் திறந்து பார்த்திருக்கலாம், ஒரு வரி இல்லாவிட்டாலும் அது திறக்கும். ஆனால் முதல் கதவு சாத்தியிருந்தால் அடுத்த கதவைத் தட்டும் பழக்கமே எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

மேடம் பட்டினம் பக்கத்தை எடுத்துக்கொண்டார். நான் மண்டபத்தூர் பக்கம். ஒவ்வொரு வீட்டிலும் யாரு, எந்த ஊரு, என்ன பாய் என்று விசாரித்துத்தான் விஷயத்துக்கு வருவார்கள். ஒரு அம்மாள், "காத்தா? இங்க கருவாடு காயப் போட்டிருக்கேன், வெயிலு இந்தப் போடு போடுது" என்று என்னோடு வழக்காடினார். மண்டபத்தூரில் ஒரு எண் மட்டும் பேச்சில் இருந்தது. அடுத்ததுக்குப் போய்விட்டுத் திரும்ப அடித்தேன், அப்போதும் பேச்சில் இருந்தது. இன்னும் சிலருக்குச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன், விடவில்லை. கடைசியில் மணி அடித்தது, எடுத்தார்கள், சொன்னேன். அதற்குள் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

அந்த வீட்டு மனிதர் அன்று மற்றவர்களோடு சேராமல் தெற்கே தள்ளி வலை விட்டிருந்தார். மற்றப் படகுகள் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. மனைவி பேசிய பிறகுதான் கிளம்பியிருக்கிறார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன அவர் தம்பி நீந்திக் கரையேறினான். அவர் ஏறவில்லை. எல்லோரும் திரும்பினார்கள், அவர் ஒருவரைத் தவிர. அவர் பெயரையோ அவர் மனைவியின் பெயரையோ இங்கே நான் எழுதப்போவதில்லை.

அன்று தேடப் போனவர்களுக்காக எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் இரவு முழுக்கக் கணினி அணைக்கப்படவில்லை. மறுநாள் காலை நான் போய் உட்கார்ந்தேன். எதற்கென்று தெரியவில்லை, கை தானாக வாட்டிஸ் என்று அடித்து 'கூப்பிடு' என்று கொடுத்தது.

வரி வந்தது. எல்லாப் படகு வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் என்று அழகான ஆங்கிலத்தில்.

எப்படி என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அந்த ஒருவரி விளக்கங்களைக் கணினி ஒரு அட்டவணையில் சேர்த்து வைத்திருக்கும். வாட்டிஸ், அப்ரொப்போ இரண்டும் அந்த அட்டவணையைத்தான் பார்க்கும். புதிதாக வந்த கட்டளைகளை அதில் சேர்க்கும் வேலை தினமும் விடியற்காலையில் தானாக நடக்கும்படி வைத்திருந்தார்கள். எங்கள் கணினிதான் விடியற்காலையில் விழித்திருந்ததே இல்லையே. அந்த ஒரு இரவு விழித்திருந்தது, சேர்த்துக்கொண்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்.

மேடம் உள்ளே வந்தார். நான் திரையை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அவரே மெதுவாக வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார், யாருக்கோ பாடம் சொல்வது போல. சொல்லிவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, நீங்க ஓட்டிப் பாக்கலாம்னு சொன்னீங்க" என்றார்.

அந்த 'ஐயா'வில் கோபம் இல்லை. அதைக் கேட்டதற்குப் பதில் நான் அடி வாங்கியிருக்கலாம்.

நிர்வாகக் குழுவிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் நல்லவர்கள். விதி மேடம், உங்க மேல யாரு கொற சொல்ல முடியும், வெளிய பேசாதீங்க என்றார்கள். அவருக்கு அது போதவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். கட்டளை அடிக்க வேண்டியிருந்தால், "நீங்களே பாத்துக்கங்க பாய்" என்று ஜன்னல் பக்கம் போய்விடுவார். ராஜினாமா எழுதி வைத்திருந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம இந்த அறையில நிக்க எனக்கு யோக்கியத இல்ல. சொன்னப்பறம் நிக்க முடியுமான்னும் தெரியல" என்று என்னிடம் சொன்னார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் இருவரும் ஆட்டோ பிடித்து மண்டபத்தூருக்குப் போனோம்.

அந்தப் பெண் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். மேடம் எதையும் தொடவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். கட்டளை இருந்தது, பாய் ஓட்டலாம் என்றார், நான்தான் தடுத்தேன், ஓட்டியிருந்தால் உங்களுக்கு உடனே செய்தி வந்திருக்கும் என்று ஒன்றைக்கூட மறைக்கவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க. எங்க போனு அன்னைக்குக் காலேலேந்து ரிப்பேரு. சார்ஜே ஏறல. கடசியிலதான் உசுரு வந்துச்சி. நீங்க மெசேஜு வுட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்கம்மா. கலரக் குடிங்க" என்றார்.

மேடம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு அந்தக் கலரைக் குடித்தார்.

அந்த ராஜினாமாவை அவர் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும் வரை அறையில் இருந்தார். கணினியை அணைக்கும் வழக்கம் மட்டும் அன்றோடு நின்றது. இந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு மேடம் மறைந்தார். விழிதியூருக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக நான் அவரிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றை இனி எழுதலாம் என்று பட்டது. எழுதலாமா என்று மண்டபத்தூருக்கும் போய்க் கேட்டேன். "எழுதுங்க பாய், பேரு மட்டும் வேணாம்" என்றார் அந்தப் பெண்.

பேச்சில் இருக்கும் போன் எப்படி ரிப்பேராக இருக்க முடியும்? அந்த எண்ணை அன்று திரும்பத் திரும்ப அடித்தவன் நான். பேசிக்கொண்டிருந்தாலும் செய்தி மட்டும் போய் விழுந்திருக்கும். மேடத்திடம் அப்போது "கிடைக்கல" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், அதனால் அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் சொன்னது பொய் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்காக அந்தப் பொய் என்றும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. திறக்காதது சரியா, தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று கிளம்பும்போது மேடம் முன்னால் போய் ஆட்டோவில் ஏறினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"செத்த நில்லுங்க பாய்" என்று அந்தப் பெண் வாசற்படி வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன் போட்டது நீங்கதானே? லைனு கெடச்சிருக்காது உங்களுக்கு. நான்தான் எங்க அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவங்களாவது தூங்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன்.

"அவசரமா ஒண்ணும் இல்ல பாய்" என்றார். "அவ வூட்டுல என்ன கொழம்புன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."